இன்ஜின் கட்ட எவ்ளோ ஆகும்? ஒரு அம்பாசிடரின் முழுக் கணக்கு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

பழைய கார்கள் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "தாத்தா வண்டி ஷெட்ல நிக்குது, இன்ஜின் கட்ட எவ்ளோ ஆகும்?" சிலர்கிட்ட பிரீமியர் பத்மினி, சிலர்கிட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நிறைய பேர்கிட்ட அம்பாசிடர்.

எல்லா வண்டிக்கும் பொதுவா ஒரு நம்பர் சொல்ல முடியாது. ஆனா ஒரு வண்டிக்கு கடைசி ரூபாய் வரைக்கும் என்னால சொல்ல முடியும். என் பெரியப்பாவோட 1974 அம்பாசிடர் மார்க் 2. அந்த வேலை முழுக்க நான் கூட இருந்தேன், எக்செல் ஷீட் போட்டு வச்சேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சுட்டு ஐ.டி.யில கோட் எழுதுற லட்சக்கணக்கான பேர்ல நானும் ஒருத்தன். படிச்ச படிப்புக்கு ஒரு வழியா ஏதாவது வேலை கிடைச்சதே என்ற சந்தோஷத்துல, ஷீட்டை ரொம்ப ஒழுங்காவே மெயின்டெயின் பண்ணினேன்.

முதல்ல முடிவைச் சொல்லிடறேன். ஆரம்பத்தில் மெக்கானிக் சொன்ன தொகை 45,000 ரூபாய். வண்டி ரோட்டில் ஓடும்போது ஆகியிருந்த தொகை 1,39,000 ரூபாய். மூன்று மடங்கு. ஆனா இதுல யாரும் ஏமாத்தல. அதுதான் இந்த எபிசோடோட விஷயமே.

அந்த பானெட்டுக்குள்ள என்ன இருக்கு?

அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரிலிருந்து வந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் தயாரித்தது. 1957-இல் தொடங்கிய அந்தப் பெயர், 2014 மே மாதம் தொழிற்சாலை நிற்கும் வரை ஓடியது.

பெரியப்பா வண்டியில் இருக்கும் இன்ஜின் பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ். 1489 சி.சி., நாலு சிலிண்டர், ஏறத்தாழ 50 குதிரைத்திறன். சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. பிளாக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு. கிராங்க்கைத் தாங்குவது மூன்று மெயின் பேரிங் மட்டுமே. 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489 சி.சி. இன்ஜினின் இன்னொரு வடிவம்தான் இருந்தது. நம்ம ஊர் டாக்ஸி ஸ்டாண்டுல நின்ன வண்டிக்கும், இங்கிலாந்துல கலெக்டர்கள் துடைச்சுத் துடைச்சு வைக்கிற வண்டிக்கும் இதயம் ஒரே குடும்பம்.

ஏன் இதைச் சொல்றேன்னா, செலவுக் கணக்குல இது நமக்கு சாதகம். இந்த இன்ஜினுக்கு உதிரி பாகம் இன்னும் கிடைக்குது. சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் பாதிக்கு மேல் கிடைத்துவிடும். அங்கே இல்லாதது, எம்.ஜி. ரசிகர்கள் புண்ணியத்தில் இங்கிலாந்தில் இன்னும் தயாராகிறது. ஷிப்பிங்கும் கஸ்டம்ஸும் சேர்ந்தால் அந்த விலை வேற லெவல். இருந்தாலும், 'கிடைக்கவே கிடைக்காது' என்ற நிலை இல்லை. இதைவிட அபூர்வமான வண்டி வச்சிருக்கவங்க, நான் சொல்ற எல்லா நம்பரையும் இன்னும் மேல ஏத்திக்கணும்.

45,000 எங்கிருந்து வந்தது?

வண்டி ஆறு வருஷமா குரோம்பேட்டை வீட்டு ஷெட்டில் நின்றது. நிற்கும் முன்பே நீலப் புகை அடித்துக்கொண்டிருந்தது, ஆயில் குடித்தது. பெரியப்பாவுக்குப் பல வருஷம் பழக்கமான மெக்கானிக் வந்து பார்த்தார். வயசு அறுபதுக்கு மேல. கையால கிராங்க்கைத் திருப்பிப் பார்த்துட்டு, "சுத்துது சார், சீஸ் ஆகல. ஒரு நாப்பத்தஞ்சு ஆகும்"னு சொன்னார்.

அந்த நாற்பத்தைந்தில் என்ன இருந்தது என்று அப்புறம் உட்கார்ந்து பேசினோம். அவர் மனசுல இருந்தது ஹாஃப் இன்ஜின் வேலை. அதாவது பிஸ்டன் ரிங், பேரிங், பேக்கிங் செட் மாற்றி, வால்வு தேய்த்துக் கட்டுவது. சிலிண்டரைக் கடைவது, கிராங்க்கைக் கிரைண்டிங் செய்வது எல்லாம் சேர்ந்தால் அது ஃபுல் இன்ஜின் வேலை. எது தேவை என்பது இன்ஜினைப் பிரித்து அளந்த பிறகுதான் தெரியும். பிரிக்கிறதுக்கு முன்னாடி யார் என்ன நம்பர் சொன்னாலும் அது அனுபவத்தில் வந்த ஒரு ஊகம், அவ்ளோதான்.

நம்ம ஆபீஸ்ல பத்து வருஷம் பழைய கோடைத் தொடாமலே "ரெண்டு ஸ்பிரிண்ட் ஆகும்"னு சொல்றோமே, அதே மாதிரி. சொல்றவர் பொய் சொல்லல. உள்ளே என்ன இருக்குன்னு அவருக்கும் தெரியாது.

அதனால் நான் பரிந்துரைக்கிற முதல் செலவு இதுதான்: இன்ஜினை இறக்கி, பிரித்து, கழுவி, அளப்பதற்கு மட்டும் தனியாக ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது 7,000 ரூபாய், மொத்தக் கூலிக்குள் கழித்துக்கொள்ளும் பேச்சில். அதுக்கு அப்புறம் வேண்டாம்னு தோணினா, 7,000-த்தோட நிறுத்திக்கலாம். இந்த முழுக் கதையிலும் ரொம்ப மலிவான செலவு இதுதான், ஏன்னா இது உண்மையை வாங்குற காசு.

24 அளவு, ஒரு முடிவு

சிலிண்டர் சும்மா நேராகத் தேயாது. மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தில், அதாவது உச்சிக்குக் கொஞ்சம் கீழே, அதிகமாகத் தேயும். கீழே குறைவாகத் தேயும். பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்தும் திசையில் இன்னும் கொஞ்சம் அதிகம். ஆக, வட்டமா இருந்த ஓட்டை மேல அகலமா, கீழ குறுகலா, கொஞ்சம் முட்டை வடிவமா மாறிடும். அதனால் ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளக்க வேண்டும். சிலிண்டருக்கு ஆறு, மொத்தம் 24 அளவு. கிராங்க்கில் மூன்று மெயின், நாலு பெரிய முனை, மொத்தம் ஏழு இடம். அங்கேயும் வட்டம் சரியா இருக்கா என்று மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

தேய்ந்த சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவதுதான் போரிங். இது 10, 20, 30, 40 ஓவர்சைஸ் என்று படிப்படியாகப் போகும். இங்க 10 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு, கால் மில்லிமீட்டர். நாற்பதைத் தாண்டினால் பொதுவாக சுவரை மேலும் கடையாமல், லைனர் இறக்க வேண்டியதுதான். அதாவது இரும்புக் குழாய் மாதிரி ஒரு உள்சுவரை அழுத்திப் பொருத்தி, மறுபடி ஸ்டாண்டர்டு அளவுக்குக் கடைவது.

எங்க வண்டியில் பிஸ்டனை வெளியே எடுத்தபோது, அதன் தலையில் 30 என்று பொறித்திருந்தது. ஏற்கெனவே யாரோ கடைந்திருக்கிறார்கள். மூன்றாவது சிலிண்டரில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. நாற்பதுக்குக் கடைந்தாலும் அந்தக் கோடு போகாது. ஆக நாலு சிலிண்டருக்கும் லைனர். கிராங்க்கும் கிரைண்டிங் போக வேண்டும்.

அன்னைக்கு சாயங்காலம் வீட்டு வாசல்ல உட்கார்ந்து பேசினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பெரியப்பா ரிட்டயர் ஆனவர். காசு அவரோட பிக்சட் டெபாசிட்ல இருந்து வரணும். என் ஷீட்டைப் பார்த்துட்டு, "நிறுத்திடலாமாடா?"ன்னு கேட்டார். எனக்கு டக்குனு பதில் வரல. வித்தால் போட்ட காசு திரும்பி வராது, அது அவருக்கும் தெரியும். அந்த வண்டியிலதான் என் அப்பாவுக்குப் பொண்ணு பார்க்கப் போனாங்க, அத்தையைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இதெல்லாம் எக்செல்ல எந்தக் காலத்துல போடறது?

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "ஓடணும். அதுக்கு என்ன வேணுமோ அதை மட்டும் பண்ணு. பெயின்ட், சீட்டு, குரோமியம் எதுவும் இப்போ வேணாம்." ஒரு பிராஜெக்ட்டுக்கு இதைவிடத் தெளிவான ஸ்கோப்பை நான் எந்த கிளையன்ட்கிட்டயும் கேட்டதில்லை.

கட்டிய விலை: 66,000

இன்ஜினைக் கட்டி முடித்தபோது கணக்கு இப்படி இருந்தது.

லேத் பட்டறை வேலை 21,500. இதில் நாலு லைனர், போரிங், ஹோனிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட்டைச் சமமாகத் தேய்ப்பது, வால்வு கைடு, வால்வு சீட் எல்லாம் அடக்கம்.

உதிரி பாகங்கள் 28,500. பிஸ்டன், ரிங், மெயின் பேரிங், பெரிய முனை பேரிங், வால்வு, டேப்பட், டைமிங் செயின், ஆயில் பம்ப், பேக்கிங் செட்.

பிரித்துக் கட்டிய கூலி 16,000. முதலில் கொடுத்த 7,000-மும் இதற்குள் சேர்த்தி.

வால்வு சீட்டைப் பற்றி ஒரு நிமிஷம். இந்த இன்ஜினை வடிவமைத்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைக் குறைத்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் முழுவதும் நின்றுவிட்டது. அதனால் ஹெட் வெளியே இருக்கும்போதே கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட் போட்டுவிடுவது நல்லது. அப்புறம் போடலாம்னு விட்டா, ஹெட்டைக் கழற்றுகிற கூலியும் புது பேக்கிங்கும் இன்னொரு தடவை.

இன்னொரு பக்கம், செலவு பண்ண வேண்டாத இடமும் இருக்கு. இந்த இன்ஜினின் பின்முனையில் கிராங்க்குக்கு ரப்பர் சீல் கிடையாது. கிராங்க்கில் திருகு மாதிரி வெட்டியிருக்கும் பள்ளம்தான் ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும். வண்டி நின்ற இடத்தில் ரெண்டு சொட்டு ஆயில் விழுந்தால், அது டிசைனே அப்படித்தான். "புதுசா கட்டியும் ஒழுகுதே"ன்னு மெக்கானிக்கோட சண்டைக்குப் போகாதீங்க. கீழ ஒரு அட்டையைப் போடுங்க, போதும்.

கல்யாண மண்டபக் கணக்கு

இப்போ கட்டின இன்ஜின் மரக்கட்டை மேல அழகா உட்கார்ந்திருக்கு. வேலை முடிஞ்சிடுச்சுன்னு தோணும். இங்கதான் பாதிப் பேரோட பட்ஜெட் உடையுது.

கல்யாண மண்டபம் புக் பண்ணவங்களுக்கு இது புரியும். வாடகை ஒரு தொகை சொல்வாங்க. அப்புறம் கரன்ட் தனி, ஜெனரேட்டர் தனி, காஸ் தனி, பாத்திரம் தனி, க்ளீனிங் தனி. எல்லாம் கூட்டினா வாடகையை விட 'தனி' அதிகம். இன்ஜினும் அதே கதைதான். இன்ஜினை வண்டிக்குள் பொருத்தி ஓட வைக்க எங்களுக்கு ஆன செலவு 73,000 ரூபாய். கட்டியதை விட 7,000 அதிகம்.

பிரிச்சுச் சொல்றேன். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃபிளைவீலைத் தேய்ப்பது: 8,500. ரேடியேட்டருக்குப் புது கோர், ஹோஸ், தெர்மோஸ்டாட்: 10,500. இன்ஜின், கியர்பாக்ஸ் மவுன்ட் ரப்பர்கள்: 3,000. பெட்ரோல் டேங்க் கழுவுவது, டியூப், பம்ப், கார்புரேட்டர் வேலை: 9,000. செல்ஃப் மோட்டார், டைனமோ, வயரிங், பேட்டரி, பிளக்: 14,500. சைலன்சர்: 6,500. ஆயில், கூலன்ட்: 7,000. ஏற்றிப் பொருத்தி ட்யூனிங் செய்த கூலி: 8,000. வண்டியைக் கட்டி இழுத்துப் போனது, பிளாக்கை ஆட்டோவில் கொண்டு போனது, கூரியர்: 6,000.

இதுல எதையாவது தவிர்த்திருக்கலாமான்னு கேக்கலாம். சிலதைத் தள்ளிப் போட்டிருக்கலாம். ஆனா பெரும்பாலானது ஒன்றோடு ஒன்று கோத்து நிற்கிறது. ஆறு வருஷம் நின்ற டேங்கில் துரு இருக்கும். அந்தத் துரு கழுவின கார்புரேட்டரை ரெண்டே நாள்ல அடைக்கும். புதிதாகக் கட்டிய இன்ஜின் டைட்டாக இருக்கும், சூடு அதிகம் வரும். பாதி அடைத்த ரேடியேட்டரை வைத்து அதை ஓட்டினால், இப்போது போட்ட 66,000-மும் ஒரே மே மாத மத்தியானத்தில் போய்விடும். சாஃப்ட்வேர்ல டிபென்டென்சின்னு சொல்வோமே, அதை இங்க கையில தொட்டுப் பார்க்கலாம்.

எதை இப்போ செய்யணும், எதைத் தள்ளிப் போடலாம்னு முடிவு பண்ண ஒரு எளிய விதி இருக்கு. இன்ஜின் வெளியே இருந்தால்தான் கை போகும் இடமா? அப்படின்னா இப்பவே மாத்திடுங்க. கிளட்ச், ஃபிளைவீல் பல் வளையம், பிளாக்கின் பின்பக்கம் இருக்கும் கோர் பிளக், மவுன்ட் எல்லாம் இந்த வகை. 300 ரூபாய் கோர் பிளக் ஆறு மாசம் கழிச்சு ஒழுகினா, அதை மாத்த மறுபடி செயின் பிளாக் வரணும், மறுபடி 8,000 கூலி. மற்றதெல்லாம் வண்டி ஓட ஆரம்பித்த பிறகு, மாசம் ஒண்ணா பண்ணிக்கலாம்.

இதே இடத்தில் ஈ20 பெட்ரோலையும் சொல்லணும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் டியூபும் பம்ப்பின் டயாஃப்ரமும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஊறி இளகும், வெடிக்கும். பெட்ரோல் ஒழுகுற இடம் எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்துல இருந்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. எத்தனால் தாங்கும் டியூபுக்கு ஆகிற சில நூறு ரூபாயில் கஞ்சத்தனம் வேண்டாம்.

"பேசாம வேற இன்ஜின் மாத்திடலாமே?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். எங்க வீட்டிலும் வந்தது. சித்தப்பா பையன் கேட்டான், "புதுப்பேட்டையில ஒரு டீசல் இன்ஜின் வாங்கி ஏத்திடலாம்ல?"

இதில் ரெண்டு வகை உண்டு. ஒன்று, இதே மாதிரி இன்னொரு பழைய பி-சீரிஸ் இன்ஜினை வாங்கிப் போடுவது. முதல் விலை கண்டிப்பா குறைவு. ஆனா அந்த இன்ஜின் உள்ளேயும் எந்த ஓவர்சைஸ், எவ்வளவு தேய்மானம் என்று தெரியாது. தெரிஞ்ச பிரச்னையைக் கொடுத்துட்டு தெரியாத பிரச்னையை வாங்குறோம். அதோட, பொருத்துற செலவு 73,000 அப்படியே இருக்கும். அது எந்த இன்ஜினா இருந்தாலும் மாறாது.

ரெண்டாவது, வேறு மாடல் இன்ஜின். 1990-களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை அம்பாசிடரில் கொடுத்தது. அதனால் இடம் இருக்கு, முடியும். ஆனா மவுன்ட்டை வெல்டிங் செய்து மாற்ற வேண்டும், கியர்பாக்ஸ் மாறும், புரொபெல்லர் ஷாஃப்ட் நீளம் மாறும், ரேடியேட்டர், வயரிங், சைலன்சர் எல்லாமே மாறும். அப்புறம் முக்கியமானது பிரேக். மார்க் 2-வில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். 50 குதிரைத்திறனுக்கு யோசித்து வைத்த பிரேக்கை வைத்துக்கொண்டு அதிக சக்தியுள்ள இன்ஜினை ஏற்றினால், பிரேக்குக்கும் தனி பட்ஜெட் வேண்டும்.

இதுக்கெல்லாம் மேல, பேப்பர். உங்கள் ஆர்.சி.யில் சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இன்ஜின் மாற்ற வேண்டும் என்றால் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று, ஆர்.சி.யில் பதிய வேண்டும். செய்யாமல் ஓட்டினால், நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது அந்த நம்பரைத்தான். பழைய இன்ஜின் வாங்கும்போது அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான பேப்பரும் வேண்டும். திருட்டு வண்டியின் இன்ஜின் நம்பர் உங்க பானெட்டுக்குள்ள இருந்தா, பதில் சொல்ல வேண்டியது நீங்க.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டி, அசல் வடிவிலேயே இருக்கும் இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் அந்த வகையில் வரும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை தினசரி ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி மாதிரியான விஷயங்களுக்குத்தான்.

பெரியப்பா இப்போதைக்கு அந்தப் பதிவுக்குப் போகவில்லை. அவருக்குக் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டணும். ஆனா 1974 வண்டி 50 வயசைத் தாண்டிடுச்சு. வேற இன்ஜின் ஏத்தினா அந்தக் கதவு பெரும்பாலும் மூடிடும். அசல் இன்ஜினையே கட்டியதால், நாளைக்கு யார் கைக்குப் போனாலும் அந்த வாய்ப்பு அவர்களிடம் இருக்கும். ஷீட்டில் இதற்கு எந்த நம்பரும் நான் போடவில்லை. ஆனா முடிவை மாத்தினதுல இதுக்கும் ஒரு பங்கு இருக்கு.

ஸ்டார்ட் பண்ணின பிறகும் மீட்டர் ஓடும்

வண்டி ஸ்டார்ட் ஆன அன்னைக்கு நிறைய பேர் ஷீட்டை மூடிடுவாங்க. மூடாதீங்க.

புது டேப்பட் போட்ட இன்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் பண்ணியதும் ஐடிலிங்கில் விடக் கூடாது. ஏறத்தாழ 2,000 ஆர்.பி.எம். வேகத்தில் இருபது நிமிஷம் ஓட விட வேண்டும். கேம் ஷாஃப்ட்டும் டேப்பட்டும் ஒன்றுக்கொன்று பழகுவது அந்த இருபது நிமிஷத்தில்தான். அதற்குள் ரேடியேட்டர் ஒழுகினாலோ பெட்ரோல் நின்றாலோ சிக்கல். அதனாலதான் ரேடியேட்டரையும் டேங்க்கையும் முன்னாடியே முடிச்சோம்.

அப்புறம் முதல் சில நூறு கிலோமீட்டர் மிதமான வேகம். அதிக லோடு வேண்டாம், ஒரே வேகத்தில் நீண்ட ஓட்டமும் வேண்டாம். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும், ஏனென்றால் தேய்ந்து வந்த இரும்புத் துகள் எல்லாம் அதில்தான் இருக்கும். ஹெட் போல்ட்டை மறுபடி டார்க் வைத்து முறுக்க வேண்டும், டேப்பட் இடைவெளி பார்க்க வேண்டும். நான் சொன்ன 7,000 ரூபாய் ஆயில் கணக்கில் ரெண்டு தடவை ஆயில் போட்டது அடக்கம்.

நேரமும் ஒரு செலவுதான். மூணு வாரம்னு ஆரம்பிச்சது நாலரை மாசம் ஆச்சு. லைனருக்குக் காத்திருந்தது, கிராங்க் வரிசையில் நின்றது, சரியான அளவு பேரிங் தேடினது. அதுவரைக்கும் வண்டி பட்டறையில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த இடத்துக்கும் ஒரு விலை இருக்கு. எங்க மெக்கானிக் பழக்கத்துக்காக வாங்கல. எல்லாரும் அப்படி இருப்பாங்கன்னு எதிர்பார்க்க முடியாது.

ஒரு விஷயம் எனக்குக் கொஞ்சம் உறுத்தலாவே இருந்தது. டேப்பட் சத்தத்தைக் காதால கேட்டே எந்த வால்வுன்னு சொல்ற அவர் பட்டறையில், இந்த வேலையைக் கத்துக்கற பையன் ஒருத்தர்கூட இல்லை. இருக்கிற பசங்க ஸ்கேனர் வச்சுப் பார்க்கிற வண்டிகளுக்குப் போயிட்டாங்க. அது நியாயம்தான், சோறு அங்கதான் இருக்கு. ஆனா 16,000 ரூபாய் கூலின்னு என் ஷீட்ல இருக்கிற அந்த வரி, பத்து வருஷம் கழிச்சு என்ன விலைக்கும் கிடைக்காமப் போகலாம். உங்க வீட்டு வண்டியைக் கட்டணும்னு உண்மையாவே எண்ணம் இருந்தா, தள்ளிப் போடுறதுக்கும் ஒரு விலை இருக்கு.

போய்க் கேட்கும்போது இப்படிக் கேளுங்க

"இன்ஜின் கட்ட எவ்ளோ?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் ஒரே நம்பர்தான் வரும். அதை நாலாக உடைத்துக் கேளுங்கள்.

ஒண்ணு: இறக்கி, பிரித்து, அளந்து காட்ட எவ்வளவு? அளவுகளைப் பேப்பரில் எழுதித் தருவீர்களா? முடியாது என்று சொல்கிற இடத்தில் வேலையைக் கொடுக்கும் முன் யோசியுங்கள்.

ரெண்டு: அளந்த பிறகு, கட்ட எவ்வளவு? லேத், உதிரி, கூலி மூன்றையும் தனித்தனியாக. ஜி.எஸ்.டி. பதிவுள்ள பட்டறை என்றால் கூலிக்கு 18 சதவீதம் சேர்ந்து வரும், அதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மூணு: வண்டிக்குள் வைத்து ஓட வைக்க எவ்வளவு? ரேடியேட்டர், டேங்க், கிளட்ச், செல்ஃப், வயரிங் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். மறைக்கிறதுக்காக இல்ல, அவங்க பார்வையில அது வேற வேலை.

நாலு: 500 கிலோமீட்டர் சர்வீஸ் இந்தத் தொகைக்குள்ளயா, வெளியயா?

இந்த நாலுக்கும் பதில் வாங்கிக் கூட்டுங்க. அதுக்கு மேல மூணுல ஒரு பங்கு ஒதுக்கி வையுங்க. அந்த மொத்தத் தொகை உங்ககிட்ட இல்லைன்னா, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வண்டியை நல்லா மூடி, டேங்க்கைக் காலி பண்ணி, பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் ஆயில் விட்டு, மாசம் ஒரு தடவை கிராங்க்கைக் கையால திருப்பி வையுங்க. சீஸ் ஆகாம காத்திருக்கும். பாதியில பிரிச்சுப் போட்டு, பாகங்கள் நாலு சாக்குல சிதறிக் கிடக்கிற வண்டிதான் கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போகும். காசு இல்லாம முழுசா நிற்கிற வண்டி அப்படிப் போகாது.

1,39,000 ரூபாய்க்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஆல்டோ வாங்கியிருக்கலாம், ஏசியோட. பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன். "வாங்கியிருக்கலாம்"னு சொல்லிட்டு, சாவியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். அவர் முழுத் தொகையும் தெரிஞ்சுதான் முடிவெடுத்தார். உங்களுக்கும் அந்த முழுத் தொகை முன்கூட்டியே தெரியணும் என்பதற்குத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

உங்க வீட்டு ஷெட்ல என்ன வண்டி, என்ன நிலைமைன்னு எழுதி அனுப்புங்க. பத்மினி வச்சிருக்கவங்க கண்டிப்பா எழுதுங்க, அதோட அலுமினிய ஹெட் தனி எபிசோடுக்கான கதை. அடுத்த வாரம் பார்க்கலாம்.